இறைச்சிக்குப் புகையூட்ட எந்த விறகு? – கேள்வி பதில்

வீட்டில் கோழி, ஆட்டுத்தொடை, பன்றித்தோள் முதலியவற்றுக்குப் புகையூட்டிச் சமைப்போர் விறகைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, வணக்கம். மூடி போட்ட கரி அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். அயல்நாட்டுக் காணொளிகளில் ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி என்று சொல்கிறார்கள். இங்கே அந்த மரச் சில்லுகள் ஒரு சிறு பை வாங்கும் விலைக்குக் கோழியே வாங்கிவிடலாம். நம் ஊர் மரங்களில் எது ஏற்றது?

பதில்: மரத்தின் பெயரை விசாரிப்பதற்கு முன், அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று விசாரியுங்கள். செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றும்தான் எந்த மரத்துக்கும் உடல். முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள் என்பதால், அவை வெப்பத்தில் சிதையும்போது இனிப்பு கலந்த மணமும் இறைச்சியின் மேற்புறத்துக்குப் பொன்னிறமும் கிடைக்கின்றன. லிக்னின் சிதையும்போது குவையகோல், சிரிங்கோல் என்னும் பொருள்கள் பிறக்கின்றன. நாம் புகைச்சுவை, புகைமணம் என்று உணர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். அகன்ற இலையுள்ள மரங்கள் அனைத்திலும் இந்த மூன்றும் இருப்பதால், ஹிக்கரிக்கும் கொய்யாவுக்கும் உள்ள வேறுபாடு, காய்ந்த கொய்யாவுக்கும் பச்சைக் கொய்யாவுக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது என்பதே என் கருத்து.

நம் ஊரில் என் முதல் தேர்வு கொய்யாதான். கட்டை கெட்டியாக இருக்கும், நிதானமாகக் கனலும், புகை மென்மையாக வரும். ஹவாய்த் தீவுகளில் கொய்யா விறகில் புகையூட்டுவது வழக்கமாகவே இருக்கிறது. அடுத்தது புளி. வைரம் பாய்ந்த புளியங்கட்டை நெடுநேரம் தணலாக நிற்பதால், பல மணி நேரம் வேக வேண்டிய பெரிய துண்டுகளுக்கு அது பொருந்தும். பலா, சப்போட்டா ஆகியவற்றின் கவாத்துக் கிளைகள் கிடைத்தாலும் விட்டுவிடாதீர்கள். தோப்புக்காரர் எவரையாவது தெரிந்து வைத்திருந்தால் பெரும்பாலும் காசே கேட்க மாட்டார்.

கேள்வி (இராமநாதபுரம்): எங்கள் ஊரில் சீமைக்கருவேலம் தவிர வேறு விறகு கிடைப்பது அரிது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கீட் என்று பெயர் பெற்ற மரமும், ஹவாயில் கோழி வாட்டப் பயன்படும் கியாவே மரமும், உங்கள் கண்மாய்க் கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் நெடுங்காலம் புரோசோபிஸ் என்று வழங்கிவந்த ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கே பையில் அடைத்து விற்கப்படும் சரக்கின் நெருங்கிய உறவை இங்கே வேரோடு பிடுங்கி எறிய வழக்கு நடத்திக் கொண்டிருக்கிறோம் என்பது வேடிக்கைதான்.

இந்த இனத்தின் புகை காரமானது, மண்வாசனை கலந்தது, விரைவில் கசப்பை எட்டிவிடக் கூடியது. டெக்சாஸிலேயே மெஸ்கீட்டை முதலில் எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலின் நேர்வெப்பத்தில் இறைச்சியை வாட்டும் வழக்கம் தெற்கிலும் மேற்கிலும்தான் மிகுதி. பத்து மணி நேரத்துக்கும் மேலாக மாட்டு நெஞ்சுக்கறியை வேகவைக்கும் மத்திய டெக்சாஸ்காரர்கள் போஸ்ட் ஓக் என்னும் மென்மையான மரத்தையே நாடுகிறார்கள். நீங்களும் அதே பிரிவினையைக் கடைப்பிடிக்கலாம். உங்கள் மாவட்டத்தில் மூட்டை மூட்டையாக விற்கும் சீமைக்கருவேலங்கரியை வெப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரியான பிறகு அதிலிருந்து பெரிதாகப் புகை வராது என்பதால் அச்சமில்லை. புகைக்கு அதே மரத்தின் காய்ந்த துண்டு ஒன்று, கைமுட்டி அளவில், போதும். ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும் கோழிக்கும் மீனுக்கும் அது அழகாக ஒத்துவரும். ஆறு மணி நேரம் வேகும் ஆட்டுத்தொடைக்கு வேண்டாம்.

கேள்வி (சென்னை): கோழிக்குப் புகையூட்டினேன். மேற்புறம் கருத்து, நாக்கில் கசந்து, சற்று மரத்துப்போன உணர்வும் இருந்தது. சில்லுகளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துத்தான் போட்டேன். மரம் தவறா?

பதில்: மரத்தின் மேல் குற்றமில்லை, நெருப்பு மூச்சுத் திணறியிருக்கிறது. காற்று போதாமல் குறைவாக எரியும் விறகு, அடர்ந்த வெள்ளைப் புகையைக் கக்கும். அந்தப் புகையிலுள்ள தார்த்துளிகள் குளிர்ந்த இறைச்சியின் மேல் படியும்போது கரியைப் போலக் கசக்கும் படலம் உண்டாகிறது. நீங்கள் எதிர்நோக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலச் சாயலோடு மேலெழும் புகையை. அடுப்பின் மேல் துவாரத்தை முழுவதும் திறந்து வைத்து, வெப்பத்தைக் கீழ்த் துவாரத்தால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். விறகைப் போட்டவுடன் வரும் வெள்ளைப் புகை அடங்கும்வரை காத்திருந்து, அதன்பின் இறைச்சியை வையுங்கள்.

ஊறவைப்பதை விட்டுவிடலாம். கெட்டியான மரத்துண்டில் ஓரிரவில் தண்ணீர் மேற்புறத்தைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. அந்த ஈரம் வற்றும்வரை மரத்தின் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறாது. நல்ல புகை பிறக்கவோ 200 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே முதலில் எழுவது பெரும்பாலும் வெறும் நீராவி. அதோடு நனைந்த சில்லுகள் தணலையும் குளிரவைத்து, நீங்கள் தவிர்க்க வேண்டிய அழுக்குப் புகையையே வரவழைக்கின்றன. சில்லுகள் விரைவில் எரிந்து போகின்றன என்பதுதான் கவலை என்றால், அவற்றைக் கைவிட்டு முட்டியளவுத் துண்டுகளுக்கு மாறுங்கள். கோழிக்கு ஒன்றிரண்டு, பன்றித்தோளுக்கு மூன்று நான்கு என்ற அளவில் தொடங்கலாம்.

கேள்வி (சேலம்): மாங்கட்டை எளிதாகக் கிடைக்கிறது. மாம்பால் பட்டால் எனக்குத் தோல் புண்ணாகும். அதன் புகை தீங்கு செய்யுமா?

பதில்: உங்களுக்கு மாங்கட்டை வேண்டவே வேண்டாம். மா, முந்திரி, சேங்கொட்டை ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் பாலிலுள்ள எரிச்சலூட்டும் பொருள்கள் சிலருக்குத் தோலில் கொப்புளத்தை உண்டாக்கும். அத்தகையோர் அடுப்பருகே நின்று அந்தப் புகையைச் சுவாசிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர்கள், பட்டையை உரித்து நன்றாகக் காயவைத்த மாங்கட்டையைப் பயன்படுத்துகிறார்கள். புகையில் லேசான இனிமை இருக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டை மட்டும் யாருமே சமையலுக்கு எரிக்கக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் அது மலிவான எரிபொருளாகக் கிடைத்தாலும், அதிலுள்ள எண்ணெய் தோலையும் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும்.

கேள்வி (கடலூர்): சவுக்கின் இலை ஊசி போல இருக்கிறதே, அது பைன் இனமா?

பதில்: இல்லை. சவுக்கு பூக்கும் தாவரம். அதன் இலையாகத் தோன்றுவது மெல்லிய பச்சைத் தண்டு. பைனைப் போன்ற பிசின் அதில் கிடையாது. பிரியாணி அடுப்புக்காரர்கள் அதை விரும்புவது அதன் கடும் வெப்பத்துக்காக. புகையூட்டலிலும் அந்த வேலைக்கே அதை வைத்துக்கொண்டு, மணத்துக்கு வேறு துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டொராண்டோ): பக்கத்து வீட்டில் மேப்பிள் மரம் ஒன்றும் பைன் மரம் ஒன்றும் வெட்டினார்கள். இரண்டிலும் கட்டைகள் தந்திருக்கிறார்கள். எப்போது பயன்படுத்தலாம்? ஜெர்மனியில் ஊசியிலை மரத்தில்தான் புகையூட்டுகிறார்கள் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார்.

பதில்: மேப்பிள் நல்ல மரம்; கோழிக்கும் பன்றிக்கும் மென்மையான, சற்றே இனிப்பான புகையைத் தரும். ஆனால் அப்போது வெட்டிய மரத்தில் எடையில் ஏறத்தாழப் பாதிவரை நீராக இருக்கக்கூடும். அதை 15 முதல் 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உருண்டைக் கட்டையாகவே போட்டு வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது என்பதால், பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வையுங்கள். கனடாவின் குளிர்காலத்தில் மரம் காய்வது மிக மெதுவாகவே நடக்கும். கோடைதான் உங்களுக்குக் கணக்கு. முனைகளில் வெடிப்பு கண்டு, இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலித்தால் ஆயிற்று. ஐயம் இருந்தால் ஒரு துண்டை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால், அந்த இடத்தில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பைனை வீட்டு அடுப்பில் சேர்க்காதீர்கள். அதன் பிசின் எரியும்போது கரும்புகையும் கசப்பும் வரும். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை: ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதிப் பன்றித்தொடை ஊசியிலை மர விறகில்தான் புகையூட்டப்படுகிறது, சீனாவின் லாப்சாங் சூச்சோங் தேயிலையும் பைன் புகையில் உலர்த்தப்படுவதே. ஆனால் கருங்காட்டுத் தொடை முன்கூட்டியே உப்பில் பதப்படுத்தப்பட்டு, குளிர்ந்த புகையில் வாரக்கணக்கில் தொங்குவது. நெருப்புக்கு மேல் சுடச்சுட வேகும் கோழிக்கு அந்த முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ள முடியாது.

கேள்வி (திருச்சி): தச்சுப்பட்டறையில் கழிவுத் துண்டுகளும் மரத்தூளும் இலவசமாகத் தருகிறார்கள். சரக்குப் பலகைத் தட்டுகளும் கிடைக்கின்றன.

பதில்: ஒட்டுப்பலகையிலும் அழுத்தப் பலகையிலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கும். கரையான் மருந்து பூசிய மரம், வண்ணமோ மெருகெண்ணெயோ தடவிய மரம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. பழைய வெளிப்புற மரச்சாமான்களில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த காப்பு மருந்து ஏற்றியிருக்கக்கூடும். சரக்குத் தட்டுகளில் ‘எச்.டி.’ முத்திரை இருந்தால் வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தியது என்றும், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு செலுத்தியது என்றும் பொருள். முதல் வகையிலும்கூட, அதன் மேல் என்ன சரக்கு கொட்டியது என்பது யாருக்கும் தெரியாது. மரத்தூளிலோ பல மரங்கள் கலந்திருக்கும். இயந்திர எண்ணெயும் சேர்ந்திருக்கும். இலவசம் என்பதற்காக இந்த இடத்தில் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி (ஈப்போ): தேங்காய்ச் சிரட்டையும் மட்டையும் பயன்படுமா?

பதில்: பயன்படும். உங்கள் நாட்டில் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சாலாய் இறைச்சியே புகையூட்டலுக்குப் பெயர் பெற்றதாயிற்றே. காய்ந்த மட்டை அடர்த்தியாகப் புகைவதால் சிறு துண்டாகப் போடுங்கள். சிரட்டையைக் கரியாக்கிப் பயன்படுத்துவது நல்லது. பச்சையாக எரித்தால் எண்ணெய்ப் பசையால் சுவாலை எழும்பும்.

கேள்வி (மதுரை): வேம்பு, தைலமரம் போன்றவை மருந்து மரங்கள்தானே, அவற்றின் புகை நல்லதுதானே?

பதில்: மருந்து என்பதும் சமையல் விறகு என்பதும் வேறு வேறு. தைலமரத்தின் எண்ணெய் இறைச்சிக்குக் களிம்பு வாசத்தை ஏற்றிவிடும். வேம்பை நான் பரிந்துரைப்பதில்லை. அரளி, எட்டி ஆகிய நச்சு மரங்களைக் குச்சியளவுகூட, கறி குத்தும் கம்பியாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கக் கூடியது. அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. எது என்ன மரம் என்று உறுதியாகத் தெரியாத விறகு எதுவானாலும் அது வெந்நீர் அடுப்புக்கு.

கேள்வி (யாழ்ப்பாணம்): புகையூட்டிய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்கிறார்களே. விறகைத் தேர்ந்தெடுப்பதால் அதைக் குறைக்க முடியுமா?

பதில்: அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையூட்டல் உள்ளிட்ட முறைகளில் பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய சான்று உள்ளவை அந்தப் பிரிவில் வருபவை. புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்னும் பொருளும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய இறைச்சியில் அதற்கு அனுமதித்த உச்ச அளவை 2014 செப்டம்பரில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 ஆகக் குறைத்தது.

விறகின் பங்கு என்னவென்றால், பிசின் மரங்களை விலக்குவதும், மரம் கொழுந்துவிட்டு மிகை வெப்பத்தில் எரிந்து கரும்புகை கக்காமல் நிதானமாகக் கனலவிடுவதும்தான். ஆனால் வீட்டு அடுப்பில் பெரிய குற்றவாளி வேறு: தணலில் சொட்டும் கொழுப்பு. இறைச்சியை நெருப்புக்கு நேர் மேலே வைக்காமல் ஒருபுறம் தணலும் மறுபுறம் இறைச்சியுமாக வைத்து, அடியில் தண்ணீர்த் தட்டு ஒன்றை வையுங்கள். கருகிய மேற்புறத்தைச் சீவி விடுங்கள். இத்தனையும் செய்தாலும் இது விழாக்கால உணவாகவே இருக்கட்டும். வாராந்தரப் பழக்கமாக வேண்டாம்.

கேள்வி (கொடைக்கானல்): இங்கே குளிர் இருப்பதால், பச்சை இறைச்சியை வேகவைக்காமல் குளிர்ந்த புகையில் தொங்கவிடலாமா? அதற்கு எந்த விறகு?

பதில்: விறகைப் பற்றிய பதில் எளிது; மென்மையான எந்தப் பழமரத்தின் தூளும் போதும். ஆனால் 30 பாகைக்குக் கீழே நடக்கும் புகையூட்டலில் இறைச்சி வேகுவதில்லை. காற்றில்லாச் சூழலில் நச்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் போன்ற நுண்ணுயிர்கள் வளர இடமுண்டு. அளந்து சேர்த்த நைட்ரைட் உப்பில் பதப்படுத்தும் முறையை முறையாகக் கற்காமல் அதில் இறங்காதீர்கள். ஆசையை அடக்க முடியாவிட்டால், உங்கள் மலைப்பகுதியில் கிடைக்கும் பாலாடைக்கட்டியில் தொடங்குங்கள். இறைச்சிக்கு 110 முதல் 135 பாகை வரையிலான சூடான புகையே பாதுகாப்பு. கோழியின் உட்புறம் 74 பாகையை எட்டியதா என்பதை வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

கேள்வி (பெங்களூரு): அடுக்குமாடியில் இருக்கிறோம். மூடிய பால்கனியில், சன்னலைத் திறந்து வைத்து, சிறிய அடுப்பில் செய்யலாமா?

பதில்: கூடாது. கரியும் விறகும் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகின்றன. அதற்கு நிறமும் மணமும் இல்லை. சமையல் முடிந்து சாம்பல் பூத்த தணலும் பல மணி நேரம் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், அணைந்துவிட்டதாக நினைத்து அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதும் ஆபத்து. குடியிருப்புச் சங்கம் அனுமதித்தால் மொட்டைமாடியில் செய்யுங்கள். சாம்பலை மறுநாள் மூடியுள்ள தகர வாளியில் அள்ளுங்கள்.