உங்கள் ஊரில் பலருக்கும் உதவிசெய்து, வெளியுலகுக்குத் தெரியாமலே மறைந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

வேதாரண்யம் வட்டாரத்தில், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்துக்கடை நடத்திய ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். குடும்பத்தாரை எண்ணிப் பெயரைத் தவிர்க்கிறேன். சொன்னாலும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு விளங்காது. மருந்தாளுநர் பட்டயம் படித்து முறையாகப் பதிவு பெற்றவராக இருந்தும், கடைசிவரை அவர் எல்லோருக்கும் ‘கம்பவுண்டர்’தான். 2022-ஆம் ஆண்டு மார்கழி மாதம் காலமானார்.

அவரை நான் நெருங்கி அறிந்தது 2004-இல், என் அப்பாவின் இருமலால். அப்பா உப்பளத் தொழிலாளி. முதல்முறை இருமல் மருந்து கேட்டபோது கொடுத்த கம்பவுண்டர், இரண்டு வாரம் கழித்து அதே மருந்தைக் கேட்டுப் போனபோது கொடுக்கவில்லை. சாயங்காலத்தில் காய்ச்சல் அடிக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதே என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் இனிப் பேச்சு என்று அனுப்பிவிட்டார். முடிவு காசநோய் என்று வந்தது.

அப்போது அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் காசநோய் என்று ஒரு சொல் வெளியே போனால் வந்த இடமெல்லாம் திரும்பிவிடும் என்ற அச்சத்தில், அரசு மருத்துவமனைப் பக்கமே இனிப் போவதில்லை, கடன்பட்டாவது மாத்திரையை இவரிடமே விலைக்கு வாங்கி யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொள்வது என்று அப்பா முடிவுசெய்து, இரவில் கடை அடைக்கும் நேரம் பார்த்து என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஆறு மாதத்துக்கு உறுதியான வியாபாரம் அவர் கைக்கு வந்து நின்றது. அவர் அதை ஏற்கவில்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதும் இதே மருந்துதான் என்றும், காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு அந்த மருந்துக்கே கிருமி அடங்குவதில்லை என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அக்கா கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, பெட்டி என் கடையில இருக்கட்டும்” என்றார்.

அந்தப் பெட்டி என்னவென்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் அரசு காசநோய்க்கு நடத்திய ‘டாட்ஸ்’ சிகிச்சைத் திட்டத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மருந்து முழுவதையும் அவர் பெயர் எழுதிய ஒரே பெட்டியில் ஒதுக்கிவைத்துவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 24 வேளை, இன்னொருவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். அதன் பிறகு வாரத்தின் முதல் வேளையை மட்டும் அப்படி விழுங்கிவிட்டு, மற்றதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கண்காணிக்கும் அந்தப் பொறுப்பைச் சுகாதாரப் பணியாளர்தான் ஏற்க வேண்டும் என்றில்லை, ஊரில் நம்பிக்கையான யாரும் ஏற்கலாம். கம்பவுண்டர் மருத்துவமனையில் பேசி, தாமே அதை ஏற்றுக்கொண்டார். அதற்காக அவர் எங்களிடம் ஒரு காசும் வாங்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில், கடைத்தெரு விழிப்பதற்கு முன் அவர் கடையின் ஒரு பலகையை மட்டும் எடுத்துவைத்திருப்பார். மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு மர முக்காலி. அப்பா அதில் உட்கார்ந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கும்வரை, கம்பவுண்டர் எதிரே நின்று உப்பு விலை, மழை நிலவரம் என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். கடைசி மாத்திரை இறங்கியதும் அப்பாவின் சிகிச்சை அட்டையில் தேதியைக் குறிப்பார். யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால், பழைய பாக்கியைத் தீர்க்க வந்தவரிடம் பேசுவதுபோலக் கணக்கு நோட்டைப் புரட்டுவார். முதல் நாளே, “சிறுநீர் செம்மஞ்சளாப் போகும், ரத்தம்னு பயந்துராதீங்க, அது மருந்தோட நிறம்” என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அப்பா இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்தியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறு மாதமும் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அக்கா கல்யாணம் அடுத்த வைகாசியில் நடந்தது.

எங்கள் பகுதியில் உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்பவர்கள் உடம்பு வலிக்கு ‘ஒரு செட்’ என்று கேட்டு வாங்குவது வழக்கம். வலி மாத்திரை, ஸ்டீராய்டு, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று என்று அட்டையிலிருந்து பிரித்து, பெயர் தெரியாமல் ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். மறுநாளே எழுந்து வேலைக்குப் போகலாம் என்பதால் அதற்கு நல்ல கிராக்கி. கம்பவுண்டர் அதைக் கடைசிவரை விற்கவில்லை. வெயிலில் நாளெல்லாம் வியர்த்து, தண்ணீரும் போதிய அளவு குடிக்காத உடம்பில் வலி மாத்திரை நாள்தோறும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும் என்பதை ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்லி, தண்ணீரையும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் நீட்டுவார். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. சிலர் திரும்பி வந்ததும் உண்டு.

கடன் நோட்டு தனிக்கதை. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. தைக்குப் பிறகு பாத்திகளைச் சீர்செய்து உப்பு விளைந்தால்தான் கையில் காசு. அந்த மூன்று மாதமும் நோட்டு நிரம்பும், பங்குனி வாக்கில் குறையும். குறையாத பக்கங்களைப் பற்றி அவர் யாரிடமும் வாய்திறந்ததில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் சாய்ந்து சாலையெல்லாம் அடைபட்டுப் போயின. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டதால் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள். எல்லோரும் குடிநீருக்கும் தார்ப்பாய்க்கும் அலைந்துகொண்டிருக்க, கம்பவுண்டர் கடை வாசலில் மட்டும் கையில் சின்னச் சின்ன மருந்துக்குப்பிகளோடு ஒரு வரிசை நின்றது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனதால் இன்சுலினை என்ன செய்வதென்று தெரியாமல் வந்தவர்கள் அவர்கள்.

வாடகைக்குப் பிடித்த ஜெனரேட்டரில் கடையின் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான் ஓடியது. டீசல் செலவு அவருடையது. ஒவ்வொரு குப்பியையும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலோ, கலங்கலாக இருக்க வேண்டிய வகை உள்ளங்கையில் உருட்டியும் திரிதிரியாக நின்றாலோ, அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தம் இருப்பிலிருந்து புதியதை விலை வாங்காமலே கொடுத்தார். நல்லதாக இருந்தவற்றின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, பெயரையும் ஊரையும் எழுதி உள்ளே அடுக்கினார். திறந்த குப்பி அதிகச் சூடு படாமல் இருந்தால் ஒரு மாதம் போல வெளியிலேயே தாங்கும், பனிக்கட்டிமேல் வைத்து உறைந்துபோனால்தான் வீணாகும் என்று வரிசையில் நின்றவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். கோடியக்காட்டுப் பக்கமிருந்து நடந்து வந்த ஒரு அம்மாவுக்கு, பெரிய பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவே ஈரமணல் போட்டு, மேலே நனைத்த துணியை மூடுவது எப்படி என்று வாசலிலேயே செய்து காட்டினார். அப்போது அவருக்கு எழுபது வயது இருக்கும். அவர் வீட்டு ஓடுகளும் பறந்துபோயிருந்தன என்பதை நான் அன்று மாலை அவர் தெருவழியாகப் போனபோதுதான் பார்த்தேன்.

அவர் இறந்த அன்று அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். கடைக்குள் பெஞ்சுகளை ஒதுக்கி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நேராக அலமாரிக்குப் பின்னால் போய், அந்த முக்காலியைக் கையால் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத இளைஞர் ஒருவர், “ஐயாவுக்கு நீங்க உறவா?” என்று கேட்டார். அப்பா குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: “எனக்கு டி.பி. வந்துச்சு தம்பி. இதே முக்காலியிலதான் உட்காந்து மாத்திரை சாப்பிட்டேன்.” பதினெட்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வெளியே அவர் அந்தப் பேச்சை எடுத்தது அன்றுதான்.