பிளஸ் டூவில் கணக்கே இல்லை, புள்ளியியல் தேறுமா?

கேள்வி: கணக்கு இல்லாத குரூப் எடுத்தவள் நான். இப்போது நாகர்கோவிலில் உளவியல் முதலாண்டு. மனசைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்தால் புள்ளியியல் தாள் வந்து நிற்கிறது. தேறுவேனா?
- வாசகி, தக்கலை

பதில்: தாராளமாகத் தேறுவாய் மக்கா. முதல் தாளுக்குக் கூட்டல், கழித்தல், வகுத்தல், வர்க்கமூலம் போதும், அதையும் கால்குலேட்டர் போட்டுத் தந்துவிடும்.

திட்டவிலக்கம் என்ற பெயர்தான் மிரட்டும், எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்வதுதான் அது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு பஸ் என்று வை. ஐந்து நாளில் ஒன்று 68, 69, 70, 71, 72 நிமிடம் எடுக்கிறது, மற்றது 50, 60, 70, 80, 90. இரண்டுக்கும் சராசரி 70தான், ஆனால் பரீட்சையன்று எதில் ஏறுவாய்? சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவை வர்க்கப்படுத்தி (இல்லாவிட்டால் பிளசும் மைனசும் அடிபட்டுப் பூஜ்யமாகிவிடும்), கூட்டி, இந்த ஐந்து நாள் வெறும் மாதிரி (சாம்பிள்) என்பதால் 5க்குப் பதில் 4ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் முதல் பஸ்சுக்கு 1.58, அடுத்ததற்கு 15.8. அவ்வளவுதான் விஷயம்.

எல்லாரும் வழுக்கும் இடம் பி மதிப்பு (p-value), அதாவது கிடைத்த வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க உதவும் எண். 0.03 வந்தால் 'என் கருதுகோள் தவறாக இருக்க 3 சதவீத வாய்ப்பு' என்று எழுதுவார்கள், தப்பு. உண்மையில் வித்தியாசமே இல்லையென்றாலும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிதோ தற்செயலாகக் கிடைக்க 3 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம்.

அப்புறம் டி சோதனை (t-test), இரண்டு சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைச் சோதிப்பது. அதைத் தந்த காசெட் என்பவர், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர், 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஆக, உளவியலுக்காகப் பிறந்ததே இல்லை அது! சரி, நாலைந்து கணக்கைக் கையால் போட்டுப் பழகிவிட்டு ஜமோவி என்ற புள்ளியியல் சாஃப்ட்வேருக்குப் போ, இலவசம்தான்.