வகுப்பு இருக்கட்டும், காலை உங்களுடையது

மார்த்தாண்டத்தில் பள்ளி வேலை, மாலையில் வீட்டில் ஓவிய வகுப்பு. ஆறு மாதமாக ஒரு ஆயில் பெயிண்டிங்கூட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. நாகர்கோவிலில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சனி, ஞாயிறு காலை வகுப்பு கிடையாது என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், முதல் அடிப்பூச்சை அக்ரிலிக்கில், அதாவது தண்ணீர் கலந்து பூசும் வண்ணத்தில், போடுங்கள். ஐப்பசி மழையில் ஆயில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மெல்லிய அக்ரிலிக் அரை மணியில் காய்ந்துவிடும். சனியன்று போட்டால் ஞாயிறு காலை மேலே ஆயில் ஏற்றலாம். மாற்றிச் செய்யாதீர்கள், ஆயில்மேல் அக்ரிலிக் பிடிக்காமல் உரிந்து வரும்.

பிள்ளைகளை ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போங்கள். திங்களன்று அரண்மனைக்கு விடுமுறை. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் கூரையில் மரத்தில் செதுக்கிய 90 வகைப் பூக்களை அவர்கள் வரையட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வரையுங்கள்.