தசை வளர்க்கும் பொடி ஓடும் நாய்க்குத் தேவையா?

கேள்வி: நாங்கள் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் தரைவீட்டில் வசிக்கிறோம். எங்களிடம் மூன்று வயதான, 27 கிலோ எடையுள்ள பெல்ஜியன் மாலினுவா ஆண் நாய் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் ஓட்டம், வாரத்தில் இரண்டு மாலைகளில் தடைதாண்டும் பயிற்சி. 28 சதவீதம் புரதமுள்ள உலர் உணவும் கொஞ்சம் அவித்த கோழியும் கொடுக்கிறோம். பயிற்சிக்கு வரும் ஒருவர் தம் நாய்க்குக் கிரியேட்டின், ஹெச்எம்பி, காமா ஒரைசனால், வே எனப்படும் பால் புரதம் ஆகியவை கலந்த பொடியைக் கொடுக்கிறார். அந்த நாய் கட்டுமஸ்தாக இருக்கிறது. டப்பாவின் படத்தை இணைத்திருக்கிறேன். நாங்களும் கொடுக்கலாமா? உடற்பயிற்சிக்கூடம் செல்லும் என் மகன், தன் புரதப் பொடியையே நாய்க்கும் கொடுத்தால் என்ன என்று கேட்கிறான். எங்களுடைய 11 வயது லாப்ரடாரின் பின்னங்கால்களும் மெலிந்துகொண்டே வருகின்றன. அதற்கும் இந்தப் பொடி உதவுமா? - ஒரு வாசகி

மருத்துவர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகனின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். மனிதர்களுக்கான புரதப் பொடியை நாய்க்குக் கொடுக்க வேண்டாம். எல்லாப் பொடிகளும் ஆபத்தானவை என்று நான் சொல்லவில்லை; பலவற்றில் இனிப்புக்கு ஸ்டீவியாவோ சுக்ரலோஸோதான் இருக்கும். ஆனால் சில பொடிகளிலும், அதைவிடக் கூடுதலாகப் புரதக் கட்டிகளிலும் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கப்படுகிறது. சில உறைகளில் அது பிர்ச் சர்க்கரை என்ற பெயரிலும் இருக்கும். மனிதருக்குத் தீங்கு செய்யாத இந்த இனிப்பு, நாயின் கணையத்தை ஒரேயடியாக இன்சுலினைச் சுரக்கச் செய்து இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கலாம். அப்படியானால் உங்கள் 27 கிலோ நாய்க்கு 2.7 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவு போதும். கிலோவுக்கு 0.5 கிராம் அளவுக்குப் போனால் கல்லீரலே செயலிழக்கக்கூடும். சாக்லேட் சுவையுள்ள பொடிகளில் கோக்கோவும், உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளில் கஃபீனும் இருக்கின்றன. இரண்டுமே நாயின் இதயத்தையும் நரம்புகளையும் அளவுக்கு மீறித் தூண்டுபவை. டப்பாவை நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நாய் அதைத் தின்றுவிட்டதாகத் தெரிந்தால், தள்ளாட்டமோ வலிப்போ வரும்வரை காத்திராமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி, உங்கள் மாலினுவாவுக்கு அந்தப் பொடி வேண்டுமா என்பது. வேண்டியதில்லை என்பதே என் முடிவு. காரணம் உங்கள் நாயின் உணவுத் தட்டிலேயே இருக்கிறது.

இந்த எடையும் இவ்வளவு உழைப்பும் உள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு உத்தேசமாக 1,400 கிலோகலோரி தேவைப்படும். நீங்கள் குறிப்பிட்ட வகை உலர் உணவில் அந்த அளவைக் கொடுத்தால் அதிலிருந்தே சுமார் 100 கிராம் புரதம் கிடைத்துவிடும். வளர்ந்த நாய்க்குப் பரிந்துரைக்கப்படும் அடிப்படை அளவு 1,000 கிலோகலோரிக்கு 25 கிராம். கடுமையாக உழைக்கும் நாய்களுக்கு 70 முதல் 80 கிராம் வரை சொல்லப்படுகிறது. கோழியைச் சேர்க்காமலே உங்கள் நாய் அந்த 70 கிராமைத் தாண்டி நிற்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில், ஒரு கரண்டிப் பொடி 10 கிராம் என்றும் அதில் புரதம் 6 கிராம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு முட்டையில் இருக்கும் புரதம் அவ்வளவுதான். தேவைக்கு மேல் போகும் புரதத்தை உடல் தசையாக அடுக்கி வைப்பதில்லை. அதை எரித்துவிடும் அல்லது கொழுப்பாக மாற்றிவிடும். கூடுதல் புரதம் ஆரோக்கியமான நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுவதற்குச் சான்று இல்லை. வீண் செலவு என்பதுதான் இங்கே குறை.

படத்தில் என் கண்ணில் பட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரதத்தின் அளவைத் தனியாகச் சொல்லும் அந்த உறை, கிரியேட்டினையும் ஹெச்எம்பியையும் காமா ஒரைசனாலையும் ‘சிறப்புக் கலவை’ என்ற ஒரே வரியில், ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது. எது எத்தனை மில்லிகிராம் என்று தெரியாத ஒன்றை எந்த அளவில் கொடுப்பது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

அந்த மூன்றில் கிரியேட்டின் மட்டும் ஓரளவு மதிப்புள்ளது. குறுகிய நேரம் முழு வேகத்தில் திரும்பத் திரும்ப இயங்கும் மனித விளையாட்டாளர்களுக்கு அது உதவுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் கிரியேட்டின் இறைச்சியிலேயே இருக்கிறது, நாயின் உடலும் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நல்ல உணவு உண்ணும் நாய் கூடுதல் கிரியேட்டினால் வேகமாக ஓடியது என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. ஹெச்எம்பி என்பது லியூசின் என்ற அமினோ அமிலம் உடையும்போது உண்டாகும் பொருள். மனிதர்களிலும் முதியவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும்தான் அதனால் ஓரளவு பயன். ஏற்கெனவே நன்கு பயிற்சி பெற்ற உடலில் அதன் விளைவு மிகச் சிறியது. காமா ஒரைசனால் அரிசித் தவிட்டு எண்ணெயில் இருக்கும் பொருள். அது ஆண் இயக்குநீரை (ஹார்மோனை) உயர்த்தித் தசையைப் பெருக்கும் என்ற நம்பிக்கை உடற்கட்டுப் பயிற்சியாளர்களிடமிருந்து நாய் வளர்ப்போரிடம் வந்து சேர்ந்தது. எடைப்பயிற்சி செய்த ஆண்களுக்கு ஒன்பது வாரம் கொடுத்துப் பார்த்த 1997ஆம் ஆண்டு ஆய்வில் இயக்குநீரும் உயரவில்லை, வலிமையும் கூடவில்லை.

தசை கூடினால் ஓட்டமும் கூடும் என்ற எண்ணமே சரிபார்க்கப்பட வேண்டியது. விப்பெட் என்ற ஓட்ட நாய் இனத்தில், தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தின் மரபணு பழுதுபட்ட நாய்கள் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பழுதுபட்ட மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற நாய்கள் சற்றே கூடுதல் தசையோடு, பந்தயங்களில் மற்றவற்றைவிட வேகமாக ஓடின. இருவரிடமிருந்தும் பெற்ற நாய்களோ பார்ப்பவர் வியக்கும்படி தசை திரண்டிருந்தன, ஆனால் அவை சிறந்த ஓட்ட நாய்களாக இல்லை. தோளிலும் தொடையிலும் தசைப்பிடிப்பு வருவதும் அவற்றில் காணப்பட்டது. உங்கள் நண்பரின் நாய் கட்டுமஸ்தாகத் தெரிவதற்கு அதன் இனம், வயது, பயிற்சி, ஏன், சற்றுக் கூடுதல் எடைகூடக் காரணமாக இருக்கலாம்; பொடிதான் காரணம் என்று பார்வையை வைத்துச் சொல்ல இயலாது.

சிங்கப்பூரில் ஓடும் நாய்க்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் வெப்பம்தான், தசையின் அளவு அன்று. தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை நாய் மூச்சிரைப்பின் வழியாக, நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் பெரும்பாலும் வெளியேற்ற முடியும். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்நேரம் நமக்குக் குளுமையாகத் தோன்றினாலும், ஈரம் நிறைந்த காற்றில் நாயின் உமிழ்நீர் எளிதில் ஆவியாவதில்லை. இந்த நிலையில் நாயின் உடலில் ஒன்றிரண்டு கிலோவைக் கூட்டுவது அதற்கு நன்மை செய்வதாகாது. ஓட்டத்தின்போது நாக்கு அகன்று நுனி சுருண்டு தொங்கினால், நிழலைத் தேடினால், கூப்பிட்டும் தாமதமாகத் திரும்பிப் பார்த்தால் அப்போதே நிறுத்திவிடுங்கள். நடை தள்ளாடினால் குளிர்ந்த நீரால் உடல் முழுவதையும் நனைத்து, காற்றுப் படும்படி வைத்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே நனைத்துவிட வேண்டும்.

தசையைக் கட்டுவது உழைப்பும் அதற்குரிய ஓய்வும்தான். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடுவதோடு நின்றுவிடாமல், பூங்காவில் புல் சரிவில் மெதுவாக ஏறி இறங்குவது, தாழ்வாக வைத்த கம்புகளைக் காலைத் தூக்கித் தாண்டி நடப்பது, உட்கார்ந்து எழுவதை ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்விப்பது, நீச்சல் ஆகியவை பின்னங்கால்களையும் முதுகையும் வலுப்படுத்தும். பயிற்சி முடிந்து மூச்சிரைப்பு அடங்கியதும் அரை மணி நேரத்திற்குள் கொஞ்சம் மாவுச்சத்து கொடுத்தால் தசையில் செலவான கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு விரைவாக நிரம்பும் என்பது பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களில் கண்டறியப்பட்டிருக்கிறது; அடுத்த நாளும் போட்டி இருந்தால் இது பயன்படும், வாரத்தில் இரண்டு பயிற்சிகளுக்கு அவசியமில்லை. அவித்த கோழியை அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கால்சியத்தின் சமநிலை கெட்டுவிடும். வெறும் சோறும் கோழியுமாகவே வளர்க்கப்படும் நாய்களுக்கு இந்தக் குறை வருவதை நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

நல்ல உணவு இருந்தும் ஒரு நாய் விரைவில் களைத்தாலோ தசை இழந்தாலோ, அதைச் சத்துக் குறைவு என்று எடுத்துக்கொண்டு பொடியைத் தேடுவது ஆபத்து. இங்கே உண்ணிகளால் பரவும் காய்ச்சலும் கொசுவால் பரவும் இதயப்புழுவும் இருக்கின்றன. இரண்டும் முதலில் சோர்வாகவே வெளிப்படலாம், இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் லாப்ரடாரைப் பற்றி எனக்குக் கூடுதல் அக்கறை இருக்கிறது. உங்கள் உள்ளங்கையை அதன் நெற்றிப்பொட்டிலும், தோள்பட்டை எலும்பின் மேலும், முதுகெலும்பின் இருபுறமும், இடுப்பிலும் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். எல்லா இடங்களிலும் எலும்பு துருத்தினால் முதுமையோ சிறுநீரகம், இயக்குநீர் சார்ந்த நோயோ காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் மெலிந்திருந்தால், பெரும்பாலும் முழங்காலிலோ இடுப்பிலோ வலி இருக்கிறது, நாய் அந்தக் காலைப் பயன்படுத்தாமல் காப்பாற்றுகிறது என்று பொருள். பின்னங்கால்கள் இரண்டும் மெலிந்து, அதோடு குரைப்பும் கரகரத்து, மூச்சு விடும்போது சத்தம் கேட்டால், வயதான லாப்ரடார்களுக்கு வரும் நரம்புத் தளர்ச்சியால் குரல்வளை சரியாகத் திறக்காமல் போயிருக்கலாம். அப்படிப்பட்ட நாயை நம் வெயிலில் நடத்திச் செல்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், இந்த அடையாளம் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

தசை இழக்கும் நாய்களைப் பொறுத்தவரை துணைச் சத்துக்கு ஓரளவு இடமிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முழங்கால் தசைநார் அறுந்து எலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 நாய்களில் நடத்தி 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கருவுற்ற முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஒரு பொருளை உண்ட நாய்களுக்குத் தொடைத் தசை குறைவாகவே கரைந்தது. தயாரிப்பாளரின் ஆதரவோடு நடந்த ஆய்வு என்பதால் அதை நான் எச்சரிக்கையோடுதான் ஏற்கிறேன். ஓய்வில் இருந்த நாய்களுக்குக் கிடைத்த பயன் ஓடும் நாய்க்கும் கிடைக்கும் என்று அதிலிருந்து முடிவு செய்யவும் கூடாது. மூட்டு வலி உறுதியானால் மீன் எண்ணெயும் வலி நிவாரணியும் முதலில் வரும். வலி தணிந்து நாய் நடக்கத் தொடங்கினால் தசையும் மெல்லத் திரும்பும். வயதாகிவிட்டது என்று புரதத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

லாப்ரடாரை மருத்துவரிடம் கொண்டுசெல்லும் முன், வீட்டுத் தரையில் அது எழுந்து நடப்பதையும், படி ஏறுவதையும், குரைப்பதையும் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தால் பல நாய்கள் நொண்டுவதைக்கூட மறைத்துவிடுகின்றன. அந்தக் காணொளியைப் பார்த்தால் எந்த மூட்டை எக்ஸ்ரே எடுப்பது என்பதை மருத்துவர் எளிதில் முடிவு செய்வார்.