ஜன்னலோரத்தைப் பரிசாகக் கொடுக்க முடியுமா?

கேள்வி: வருகிற ஐப்பசியில் அப்பாவுக்கு எழுபது வயது. பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் அண்ணன் செய்கிறான். என் பங்குக்கு ஏதாவது செய்ய ஆசை. அப்பாவுக்கு ரயில் என்றால் உயிர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி போவோம், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில். ஜன்னலோரம் எப்போதும் எனக்கும் அண்ணனுக்கும்தான். அப்பா கதவோரம் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, அடுத்து வரும் ஸ்டேஷன்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார். நடுவில் இறங்கித் தண்ணீர் பிடித்து, எங்களை அலறவிட்டு, ரயில் நகர்ந்த பிறகுதான் ஏறுவார். ஊட்டி மலை ரயிலில் மட்டும் அவர் போனதே இல்லை. பிறந்தநாளன்று ஒன்றும் சொல்லாமல் அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அதில் உட்காரவைக்க நினைக்கிறேன். "கோவைக்கு ஃப்ளைட், அங்கிருந்து கார், மூன்று மணி நேரத்தில் ஊட்டி. எழுபது வயதில் எதற்கு அலைக்கழிக்கிறாய்?" என்கிறார் என் கணவர். ரயில் டிக்கெட்டைக் கிஃப்ட் கார்டு மாதிரி வாங்கிக் கொடுக்க வழி உண்டா? நான் செய்வது சரிதானா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: சரிதான். ஆனால் இரண்டு விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்று தேதி, இன்னொன்று அந்த 'ஒன்றும் சொல்லாமல்'.

தேதியை முதலில் பார்ப்போம். ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பாறையும் மண்ணும் சரிந்து தண்டவாளத்தை மூடுவது அந்த மாதங்களில் ஏறக்குறைய வழக்கமான செய்தி. ஒரு நாள் ரத்து என்பார்கள், அது ஒரு வாரமாக நீளும். டிக்கெட் பணம் திரும்பி வந்துவிடும். மேட்டுப்பாளையம் பிளாட்ஃபாரத்தில் எழுபது வயதுக்காரர் சால்வையோடு நின்று, பூட்டிக் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதற்கு யார் பணம் தருவது?

மார்கழி, தையில் மழை இருக்காது, ஆனால் ஊட்டியில் உறைபனி. ஏப்ரல், மே சீசன் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னைக் கேட்டால் மாசி. பீமரத சாந்தி அதன் நாளில் நடக்கட்டும், ரயில் நான்கு மாதம் கழித்துப் புறப்படட்டும்.

இப்போது கிஃப்ட் கார்டு. பெயர் எழுதாமல் வாங்கி உறையில் போட்டுக் கொடுக்கும் முன்பதிவு டிக்கெட் என்று ஒன்று கிடையாது. பயணிகளின் பெயர், வயது, ரயில், தேதி எல்லாம் சொன்னால்தான் டிக்கெட். உங்கள் ஐஆர்சிடிசி கணக்கிலிருந்தே அப்பா அம்மாவுக்கு எடுக்கலாம், காசு வாங்கிக்கொண்டு வியாபாரமாகச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். பெயரை ஆதாரில் இருப்பதுபோலப் போடுங்கள். குறுஞ்செய்தி வரும் இடத்தில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள். அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் ரகசியம் அன்றைக்கே உடையும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன்பு 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்ய முடிந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. அதாவது மாசியில் போகிற பயணத்துக்கு ஐப்பசிப் பிறந்தநாளன்று கையில் கொடுக்க உங்களிடம் டிக்கெட் இருக்காது. அன்று என்ன கொடுப்பது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த 'ஒன்றும் சொல்லாமல்' பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் மாமியாரின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இதே வேலையைப் பார்த்தேன். "கோயிலுக்குப் போகிறோம்" என்று ஆட்டோவில் ஏற்றி, சென்ட்ரலில் இறக்கினேன். ரயிலில் ஏறி உட்காரும்வரை எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அரக்கோணம் தாண்டுவதற்குள் கேஸ் மூடினோமா என்று ஆரம்பித்தார். அப்புறம் பால்காரருக்குச் சொல்லவில்லை. துளசிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள்? காட்பாடி வரும்போதுதான் ரத்த அழுத்த மாத்திரை டப்பா வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருப்பது தெரிந்தது. ஒரு நல்ல மனிதர் அடுத்த பெட்டியிலிருந்து தன் மாத்திரையைக் கொடுக்க வந்தார். வேறு மாத்திரை. ஈரோட்டில் இறங்கி மருந்துக்கடை தேடி ஓடியது என் கணவர். மாமியார் இன்றும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவார், ஆனால் ஜன்னலில் என்ன பார்த்தார் என்று ஒரு வார்த்தை வராது.

வயதானவர்களுக்குப் பயணம் என்பது கிளம்பும் நாளன்று தொடங்குவதில்லை. பத்து நாள் முன்னால் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவதில் தொடங்குகிறது. எந்த ஸ்வெட்டர், எத்தனை மாத்திரை, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்வது... அதில்தான் பாதி சந்தோஷம். உங்கள் அப்பா மாதிரி ஸ்டேஷன் பெயர்களை ஒப்பிக்கிறவரிடமிருந்து அந்த நான்கு மாதத்தைப் பறிக்காதீர்கள். அம்மாவை மட்டும் முன்கூட்டியே உங்கள் பக்கம் இழுத்துவையுங்கள். அவருக்கு முட்டி எப்படி இருக்கிறது, உண்மையில் போகப் பிரியமா என்று கேளுங்கள். மூன்று நாளைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டித் தூக்கிவரும் வேலை அவர் தலையில் விழுமானால், அது அப்பாவுக்குப் பரிசு, அம்மாவுக்கு வேலை.

சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். மலை ரயில் காலை ஏழு மணிக்கு மேல் புறப்படும். நடுவில் பல் தேய்த்து ஒரு காபி குடிக்க நேரம் இருக்கும். வெளியே இட்லி சாப்பிடப் போனால் இருக்காது.

இரவு ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போது நீங்கள் மூன்று பேரும் ஒரே டிக்கெட்டில் போகாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஒருவர் தனியாகவோ, தகுதியுள்ள இருவர் சேர்ந்தோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் அது பொருந்தும். இளையவர் ஒருவரை அதில் சேர்த்தால் போச்சு. ஆகவே அப்பா அம்மாவுக்கு ஒரு டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட். முதல் டிக்கெட்டில் எந்தப் பெட்டி விழுந்ததோ, உங்களுடையதற்கும் அதையே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பெட்டி, நடந்து போய்க்கொள்ளலாம். முதியோர் கட்டணச் சலுகையை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அது 2020 மார்ச்சோடு நின்றுபோனது.

மலை ரயிலுக்கு இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் இருங்கள். முதல் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள், இடம் கொஞ்சம் தாராளம்.

நடுவில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வையுங்கள். டிக்கெட் வீணாகாது. புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்னால் ரிசர்வேஷன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு ஒரு முறை மாற்றலாம். குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி. உங்கள் இடத்தில் உங்கள் கணவர் போகலாம். மாமியார் இடத்தில் மாப்பிள்ளை போக ரயில்வே சட்டத்தில் இடமில்லை.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஊட்டியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கார்தான் சரி. 46 கிலோமீட்டருக்கு இந்த ரயில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. நிற்கும் ஸ்டேஷன்களில்தான் போய்க்கொள்ள வேண்டும். நீரிழிவு, புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவிடம் இதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். தாங்காது என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏற வேண்டாம். குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட ஆகும். அந்தப் பகுதியில் இழுப்பது நீராவி எஞ்சின் இல்லை, டீசல் எஞ்சின். ஏற்றத்தில் கவ்விக்கொண்டு ஏறும் பல்சக்கரமும் இல்லை. ரயில் பிரியருக்கு அரைச் சாப்பாடு மாதிரிதான், ஆனாலும் சாப்பாடு.

தாங்கும் என்றால், கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மலை ரயிலில் பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லை. அவர் ஆசைப்படி ஃப்ளைட்டில் கோவை வந்து, கார் எடுத்துக்கொண்டு, காலையில் மேட்டுப்பாளையத்தில் சாமான்களை வாங்கிக்கொண்டு ஊட்டி ஸ்டேஷனில் போய் நிற்கட்டும். வெளியூர் வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும்போது எல்லோரும் அந்தக் காரிலேயே வரலாம். ஏறும்போது கிடைக்கும் சுகம் இறங்கும்போது பாதிதான், அதற்குள் அம்மாவின் முதுகும் பேச ஆரம்பித்திருக்கும்.

இனி பிறந்தநாளன்று கையில் கொடுப்பது. ஒரு நல்ல வெள்ளைத் தாள் எடுத்து உங்கள் கையெழுத்தில் இப்படி எழுதுங்கள்: மேட்டுப்பாளையம், கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். வேறு ஒன்றும் வேண்டாம். மடித்து உறையில் போட்டுக் கொடுங்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று உங்களை ஒப்பிக்க வைத்தவர், மூன்றாவது பெயரைப் படிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். தேதியை மட்டும் அவரையே சொல்லவிடுங்கள். நாள்காட்டியை எடுத்து ராகுகாலம், சந்திராஷ்டமம் எல்லாம் பார்ப்பார், பார்க்கட்டும்.

அதற்குள் நீங்களும் கொஞ்சம் படித்துவையுங்கள். வழியில் கேள்வி கேட்பார் அல்லவா? பாதை குன்னூர் வரை வந்தது 1899-ல். ஊட்டியைத் தொட 1908 ஆனது. 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது 2005-ல். கல்லார் வந்ததும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்கும். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஓர் அடி மேலே. எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். பெட்டிதோறும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். அப்பா அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஜன்னலோர இருக்கை யார் பெயருக்கு விழுந்தாலும் அது அப்பாவுக்குத்தான். "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று வாய் தன்னால் சொல்லும். பழக்கம். நீங்கள் பையை நடுவில் வைத்துவிட்டு நகராமல் உட்கார்ந்திருங்கள்.

வழியில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது அவர் இறங்கப் பார்ப்பார். இறங்கட்டும். போர்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், சிரியுங்கள் என்று ஃபோட்டோவுக்காகப் படுத்தாதீர்கள். கையில் ஒரு பாட்டிலை மட்டும் கொடுங்கள். விசில் ஊதினால் முதலில் அவரை ஏற்றிவிட்டு, கடைசியாக நீங்கள் ஏறுங்கள்.