கேபிள் சதுரம் மட்டும் ஏன் குறுகுகிறது?

வணக்கம். எல்லாச் சதுரங்களையும் ஒரே கண்ணி எண்ணிக்கையில் பின்னியும், கேபிள் (கண்ணிகளை இடம் மாற்றிக் கடக்கவிட்டு, முறுக்கிய கயிறுபோலத் தெரியப் பின்னும் வடிவம்) போட்டவை மட்டும் குறுகலாக வருவதால் போர்வையை இணைக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் கை இறுக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடக்கும்போது துணி அகலவாக்கில் உள்ளிழுக்கப்படும். கேபிளின் இயல்பே அது.

இனிப் பின்னும் சதுரங்களில், கீழ் விளிம்பு முடிந்ததும் ஒவ்வொரு கேபிளின் அடியிலும் ஓரிரு கண்ணிகளைக் கூட்டி, மேல் விளிம்புக்கு முன் குறைத்துவிடுங்கள். எத்தனை என்பதை மாதிரித் துண்டுதான் சொல்லும். (சோம்பல் வரும், தெரியும். இருந்தாலும் பின்னுங்கள்.)

முடித்தவற்றைப் பிரிக்க வேண்டாம். கம்பளி நூல் என்றால் நனைத்து, முறுக்காமல் அழுத்தி நீரெடுத்து, தேவையான அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். சிறிய வித்தியாசம் சரியாகிவிடும். அக்ரிலிக் இதற்கு அவ்வளவாக மசியாது. அதற்கு, இரு பக்க ஓரங்களிலும் கண்ணி எடுத்து, குறையும் அகலத்துக்குப் பட்டை பின்னுங்கள். எனக்கென்னவோ சட்டம் போட்டதுபோன்ற அந்தத் தோற்றமே பிடிக்கும். ஓரம் ஸ்டாக்கினெட் பின்னலாக (முன்பக்கம் முழுதும் V வடிவக் கண்ணிகள் தெரியும் சாதாரணப் பின்னல்) இருந்தால் 4 வரிசைக்கு 3 கண்ணி எடுங்கள். வரிசைக்கொன்று எடுத்தால் பட்டை நெளியும்.