கொள்ளிக்குடம்

அண்ணாவுக்கு வணக்கம்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. மூன்று வாரத்துக்கு முன் அம்மா தவறிவிட்டா. எனக்கு ஒரே தம்பி. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தான். அதுவரை கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தில் கிடந்தவன், அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "அந்தச் சாமிதான் என் புள்ளையத் திருப்பிக் குடுத்துச்சு" என்று அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறா.

கேதத்துக்கு வந்தவன் வாசல் திண்ணையில், இஸ்தோப்பிலேயே நின்றான், காம்பரா அறைக்குள் வரவில்லை. தப்பு மேளம் அடிக்கக் கூடாதாம், ஒப்பாரி பிசாசுக்குப் பாடுவதாம். வாய்க்கரிசி போடவில்லை. கொள்ளிக்குடம் எடுக்க மாட்டேன் என்றான். மாமாமார் சட்டையைப் பிடித்து இழுத்துக் குடத்தைத் தோளில் வைக்கப் பார்த்தார்கள், விழுந்து உடைந்தது. நான் எடுக்கிறேன் என்றேன். பொம்பளப் பிள்ளை குழிமேட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லி, வேறு குடம் வாங்கிவந்து பெரியப்பா மகன் தோளில் வைத்தார்கள். "ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரல்லையாடா?" என்று கேட்டேன். "அம்மா ரட்சிக்கப்படாமப் போயிட்டா, இனி அழுது என்ன" என்றான். இவன் முகத்தில் இனி முழிக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

தம்பி கடைசியாகச் சொன்னதை நீங்கள் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பயமாக இருந்தது. உங்களுக்கு அம்மா இறந்துவிட்டார். தம்பிக்கு அம்மா இறக்கவில்லை, இந்த நிமிடமும் அணையாத நெருப்பில் இருக்கிறார், ஆறு வருடமாகக் கூப்பிட்டும் சபைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாத குற்றம் வேறு தம்பியின் தலையில். இதை நிஜமாகவே நம்புகிற ஒரு மகன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் அந்த முகத்தைப் பார்ப்பது எப்படி? அதனால்தான் இஸ்தோப்பில் நின்றார் என்று நினைக்கிறேன்.

வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும், எங்கள் தோட்டத்துப் பணிய லயத்தில், கீழ் வரிசை வீடுகளில், நான்கு மாதக் குழந்தை ஒன்று சளிக்காய்ச்சலில் இறந்துபோனது. ஒரு ஊழியக்காரர் வந்து, வேதத்தில் லாசரு செத்து நாலு நாள் கழித்து எழும்பினான், இது நேற்றுத்தானே என்றார். இரண்டு ராத்திரி ஜெபம். அழுதால் அவிசுவாசம் என்று தாய்க்கு உத்தரவு. எங்கள் அம்மா பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போனபோது நானும் பின்னால் போனேன். அந்த அக்கா குசினி மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார், பால் கட்டிப்போய், துவாயை நாலாக மடித்து நெஞ்சில் அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல். மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். தாய்க்கு விசுவாசம் போதாது, அதனால்தான் பிள்ளை எழும்பவில்லை என்று அந்த ஊழியக்காரர் குழிமேட்டிலேயே சொன்னார். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. உங்கள் தம்பியை நான் அந்த ஊழியக்காரர் பக்கத்தில் வைக்கவில்லை, குசினி மூலையில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் அந்த லாசரு கதையிலேயே, யோவான் 11ஆம் அதிகாரத்தில், 35ஆம் வசனம் "இயேசு கண்ணீர் விட்டார்" என்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதிருக்கிறார். அப்போஸ்தலன் பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்தில், நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார், துக்கமே படாதீர்கள் என்றல்ல. நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேதக்காரராக, கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பங்கள் கேதத்தில் மாரடித்து அழுவதையும், நவம்பர் 2ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் இதையெல்லாம் தம்பியிடம் கொண்டுபோய் வாதாட வேண்டாம். நீங்கள் ஒரு வசனம் எடுத்தால் தம்பி நாலு எடுப்பார், 'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம் பண்ணட்டும்' என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது. மாமாமார் செய்தது தப்பு. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது ஞாபகமிருக்கும். புதைத்தாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அடக்கம் செய்வதைக் கடமையாக நினைக்கிற முஸ்லிம் குடும்பங்கள் கெஞ்சின, அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன குழந்தையைத் தாய் தகப்பன் சம்மதமில்லாமலே எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் இறங்கிவந்தார்கள், மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அப்போது அநியாயம் என்று நாமெல்லாம் கொதித்தோம். மனம் ஒப்பாத ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துச் சடங்கு செய்ய வைப்பது மட்டும் என்ன நியாயம்? இழுபறி இல்லாமல் இருந்திருந்தால் குடமும் உடைந்திருக்காது.

சரி, அந்தக் குடம் உடைந்த இடத்துக்கே வருகிறேன், எனக்கு உண்மையான கோபம் அங்கேதான். பெற்ற மகள் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள், நீ வராதே என்கிறார்கள். சபைக்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்றால் இதற்கு என்ன பெயர்? நம் சாஸ்திரம் வளையாததுமில்லை. அவிட்டத்திலிருந்து ரேவதிக்குள் சாவு விழுந்தால் தனிஷ்டா பஞ்சமி, வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப் போட வேண்டும் என்பார்கள். 10க்கு 12 அடிக் காம்பராவை அடைத்துவிட்டு ஐந்து பேர் எங்கே போய்ப் படுப்பது, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலா? ஐயர் ஒரு பரிகாரம் சொல்லுவார், முடிந்தது. சனிக்கிழமைப் பிணம் தனியாகப் போகாது என்றால் பாடையில் ஒரு கோழியைக் கட்டினால் போதும். இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்தவர்கள், மகள் குடம் எடுக்கிறேன் என்றால் மட்டும் வழி தெரியாமல் நிற்கிறார்கள். உங்கள் கடிதத்தில் தம்பிக்குப் பத்து வரி, மாமாமாருக்கு இரண்டு வரி. அந்தக் கணக்கைக் கொஞ்சம் திரும்பப் பாருங்கள்.

முகத்தில் முழிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். முழியுங்கள். ஆனால் 31ஆம் நாளுக்குத் தம்பியைக் கூப்பிட வேண்டாம், படையலைப் பார்த்ததும் மறுபடி இஸ்தோப்பில் போய் நிற்பார். அதற்கு அடுத்த நாள் கூப்பிடுங்கள், நீங்கள் இரண்டு பேர் மட்டும். இப்போது பெய்கிற மழைக்குக் குழிமேட்டு மண் இறங்கியிருக்கும், ஒரு பக்கம் கரைந்தும் இருக்கும். மண்வெட்டி எடுத்துக்கொண்டு வா, அம்மாவுக்கு மண் அணைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கொண்டுபோகாதீர்கள். மண் வெட்டுவதை எந்தச் சபையும் விக்கிரக ஆராதனை என்று சொல்லாது.

அப்புறம், அம்மா சொன்ன அந்த வார்த்தை. எனக்கு எழுதிவிட்டீர்கள், அது தம்பிக்குத் தெரியுமா? தெரியாதென்றுதான் தோன்றுகிறது. வேலை பாதி ஆனதும், அம்மா சொன்ன மாதிரியே, அதே பேச்சில் சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு வசனம் வந்தால் வரட்டும், நீங்கள் மண்ணை அணைத்துக்கொண்டிருங்கள். அழுதாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

பொம்பளப் பிள்ளைக்குக் குழிமேட்டில் என்ன வேலை என்று மாமா யாராவது பின்னாலேயே வந்தால், இன்னொரு மண்வெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.